வாளையாறுக்கு இந்தப் பக்கமும் பாடம் இருக்கிறது

நம் சங்கத்துக் குடும்பங்களில் சில ஆண்டுகளாக ஒரு நல்ல வழக்கம் பரவி வருகிறது. பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தேறினாலும், கல்லூரியில் இடம் கிடைத்தாலும், முதல் வேலைக்குப் போனாலும், முன்பெல்லாம் பேனாவும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுப்போம். இப்போது புத்தகம் கொடுக்கிறார்கள். அதிலும் பெரும்பாலும் தொழில், தலைமைப் பண்பு, முன்னேற்றம் பற்றிய புத்தகங்கள். கஞ்சிக்கோடு ஆலையில் வேலை பார்ப்பவர் வீடானாலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் வீடானாலும், மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயத்திலிருந்து பிள்ளையைப் படிக்க வைத்து வெளியே அனுப்பியவர் வீடானாலும், அலமாரியில் அப்படி இரண்டு மூன்று நூல்கள் இருப்பதைப் பார்க்கிறேன். சந்தோஷமான விஷயம்தான்.

ஆனால் அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. ஏறக்குறைய எல்லாமே அமெரிக்காவில் எழுதப்பட்டவை, அல்லது அவற்றைப் பார்த்து இங்கே எழுதப்பட்டவை. ஏழு விதிகள், பத்துக் கட்டளைகள், இருபத்தோரு ரகசியங்கள் என்று அத்தியாயம் பிரித்திருப்பார்கள். உதாரணங்கள் எல்லாம் கலிபோர்னியாவில் கார் ஷெட்டில் கம்பெனி தொடங்கியவர்களைப் பற்றியதாக இருக்கும். என் அக்காள் மகன் ஒருவன் இதிலும் ஒரு படி மேலே போய்விட்டான். "எதுக்கு மாமா முழுப் புஸ்தகம்? பதினஞ்சு நிமிஷத்துல சாராம்சம் போன்லயே கேட்டுடலாம்" என்று சொல்லி ஒன்றைப் போட்டும் காட்டினான். நன்றாகத்தான் பேசினார்கள். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது அந்த ஏழு விதிகளில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டேன். இரண்டைச் சொன்னான். மூன்றாவது வேறு புத்தகத்து விதி.

தொழிலைப் பற்றியும் தலைமையைப் பற்றியும் படிப்பது விதிகளை உருப்போடுவதற்காக என்று நான் நினைக்கவில்லை. ஒரு காரியம் உண்மையில் எப்படி நடந்தது, பணம் எங்கிருந்து வந்தது, யார் சொன்னதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள், லாபம் யாருக்குப் போயிற்று, நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் படிக்கிறோம். அப்படிப் படிக்கத்தக்க விஷயங்கள் நம் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலேயே, நம் வாசலிலேயே கிடக்கின்றன. அவற்றில் நம் தமிழ் மக்களே பாத்திரங்களாகவும் இருக்கிறார்கள். நம் வீடுகளில்தான் அவற்றை யாரும் படிப்பதில்லை.

முன்னேற்ற நூல்கள் தமிழுக்குப் புதியவை என்றும் யாரும் எண்ண வேண்டாம். இந்த வகையில் தமிழில் வந்த ஆரம்ப கால நூல்களில் ஒன்றை மொழிபெயர்த்தவர் நாமெல்லாம் கப்பலோட்டிய தமிழர் என்று அறிந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் எழுதிய சிறு நூலை அவர் சிறையில் இருந்தபோது 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பிறகு 'அகமே புறம்' என்ற நூலும் வந்தது. 1908-ல் தண்டிக்கப்பட்ட அவரைக் கோயம்புத்தூர் சிறையில் வைத்திருந்து, 1910-ன் இறுதியில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். 1912-ன் இறுதியில் அங்கிருந்துதான் விடுதலையானார். கோவையிலிருந்து கண்ணூருக்கு ரயில் பாதை அன்றும் இன்றும் நம் பாலக்காட்டுக் கணவாய் வழிதான். தமிழின் முதல் முன்னேற்ற நூலாசிரியர்களில் ஒருவருடைய கதை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அவர் மொழிபெயர்த்த நூலைவிட அவர் நடத்திய கம்பெனிதான் பெரிய பாடம் என்பது என் அபிப்பிராயம். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனி உடனே கட்டணத்தைக் குறைத்தது. பெரிய முதலாளி நட்டத்தைத் தாங்கிக்கொண்டு விலையைக் குறைத்துச் சின்னவனை ஒழிப்பது இன்று டாக்சி, பலசரக்கு வியாபாரங்களில் நாம் காண்கிற அதே உத்திதான். கூடவே அரசாங்கமும் எதிரியின் பக்கம் நின்றது. பங்குதாரர்கள் தடுமாறினார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கம்பெனியைப் பற்றி 2023-ல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். 1908 திருநெல்வேலி எழுச்சி பற்றிய அவருடைய தமிழ் நூலுக்கு 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு வணிகப் புத்தகம் பரிசளிக்க விரும்புகிறவர்கள் இவற்றை நினைத்துப் பார்க்கலாம்.

வ.உ.சி.க்குப் பின்னும் இந்த ஓடை வற்றவில்லை. தமிழ்வாணன் எழுதினார். அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பிய எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' என் வயதுக்காரர்கள் பலர் கையில் இருந்தது. 2004-ல் தொடங்கிய கிழக்கு பதிப்பகம் தொழிலதிபர்களின் வரலாறுகளை வரிசையாகத் தமிழில் கொண்டுவந்தது. ஆக, தமிழில் இல்லை என்ற குறை முழுக்கச் சரியல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் நடந்தவற்றைப் பற்றித் தமிழில் குறைவு என்பதுதான் என் குறை.

நான் ரயில்வேக்காரன். ஆகவே தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

நம் பாலக்காடு மாவட்டத்துக் கருகப்புத்தூரில் 1932-ல் பிறந்த இ.ஸ்ரீதரன் அவர்களைத் தெரியாதவர் இருக்க முடியாது. பாம்பன் பாலத்தை 46 நாளில் மீட்டவர் என்று வருஷத்துக்கு நாலு முறையாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருப்பார்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்காது. மனம் மட்டும் இருந்தால் பாலம் நிற்காது ஐயா.

நடந்ததைக் கவனியுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலத்தில் 126 கண்களின் கர்டர்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடும் நடுப் பகுதியான ஷெர்சர் கண் தப்பியது. தண்ணீருக்குள் நிற்கும் தூண்களும் பெரும்பாலும் நின்றன. பாலம் கட்டுகிற வேலையில் காலத்தைத் தின்பது அஸ்திவாரம். கடலுக்குள் கிணறு இறக்கித் தூண் எழுப்புவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். அந்த வேலை இங்கே ஏறக்குறைய இல்லை. அடுத்தபடியாகக் காலம் தின்பது கர்டர் செய்து வாங்குவது. பல இடங்களிலிருந்து கர்டர்களைத் தேடிக் கொண்டுவருவது என்றுதான் முதலில் யோசித்திருக்கிறார்கள். ரயில்வே ஆறு மாதம் என்று கணக்குப் போட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். அப்போது விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன என்ற சேதி மீனவர்களிடமிருந்து வந்தது. அவற்றையே தூக்கி மறுபடி தூண்மேல் வைக்க முடியும் என்று 32 வயது இளம் இன்ஜினீயர் முடிவு செய்தார். அதே தூணுக்கு அளவெடுத்துச் செய்த கர்டர் அது. புதிதாக எதையும் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. முதல் கர்டரைத் தூக்கி வைக்க நாள் பிடித்திருக்கும். ஒன்றைத் தூக்கும் முறை பிடிபட்டுவிட்டால் மற்றவை அதே முறையில் வேகமாக வந்துவிடும். தண்டவாள வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் பிளாக்கில் ஸ்லீப்பர் மாற்றும் காங் பத்தாவது பிளாக்கில் பாதி நேரத்தில் முடிக்கும்.

46 நாள் என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இதுதான். எது நிற்கிறது, எது விழுந்தது என்ற சரியான கணக்கு. மீனவர் சொன்னதை ஒரு அதிகாரி மதித்துக் கேட்டது. காகிதத்தில் போட்ட திட்டத்தைக் களத்தில் மாற்ற அவருக்கு அதிகாரம் இருந்தது. இந்த மூன்றில் கடைசியை மறந்துவிடக் கூடாது. மேலிடம் கையைக் கட்டிப் போட்டிருந்தால் ஸ்ரீதரனும் ஆறு மாதம்தான் எடுத்திருப்பார்.

அவரைப் பற்றிய புகழ் நூல்களைப் படிக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கொங்கண் ரயில் பாதை ஐந்தாண்டில் முடியும் என்று 1990-ல் தொடங்கியது. முழுப் பாதை திறந்தது 1998 ஜனவரியில். ஈர மண்ணில் குடைந்த சில சுரங்கங்கள் குடையக் குடைய இடிந்து விழுந்தன. கோவாவில் பெர்னெம் சுரங்கம் பேர்போனது. அந்தத் தாமதத்தை ஒரு வரியில் தாண்டிவிடும் நூலை நான் அரை நூல் என்பேன். ஏனென்றால் மண் எப்படி ஏமாற்றியது, அவர்கள் என்ன மாற்றினார்கள் என்பதில்தான் படிப்பு இருக்கிறது. 2009 ஜூலையில் டெல்லி மெட்ரோ வேலையில் ஜம்ருத்பூரில் மேம்பாலப் பகுதி இடிந்து உயிர்கள் போனபோது, தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். முதலமைச்சர் ஏற்கவில்லை, வேலையைத் தொடர்ந்தார். 2021-ல் நம் பாலக்காட்டுத் தொகுதியில் தேர்தலில் நின்று தோற்றார். சங்கப் பத்திரிகையில் அரசியல் பேசக் கூடாது என்பது விதி, மீறவில்லை. வேலைத் தலத்தில் தலைமை தாங்குவதும் வாக்காளரிடம் போய் நிற்பதும் ஒரே திறமையா என்று யோசிக்க அதிலும் இடமிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எம்.எஸ்.அசோகன் மலையாளத்தில் எழுதிய 'கர்மயோகி' அவருடைய வாழ்க்கை வரலாறு. ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலக்காடு பி.இ.எம். பள்ளியிலும் விக்டோரியா கல்லூரியிலும் ஸ்ரீதரனோடு படித்தவர் டி.என்.சேஷன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து நாட்டையே உலுக்கியவர். புதுச் சட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. இருந்த சட்டத்தையும் விதிகளையும் வரி விடாமல் படித்து அப்படியே அமல்படுத்தினார். ஒருவர் கெடுவுக்குப் பேர்போனவர், மற்றவர் விதிக்குப் பேர்போனவர். இருவரும் ஒரே வகுப்பு. சேஷனின் தன்வரலாறு அவர் மறைவுக்குப் பின் 2023-ல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்கிற பிள்ளைக்குக் கலிபோர்னியா கார் ஷெட் கொஞ்சம் சலித்துப் போகும்.

நிற்க. பெரிய மனிதர்களைப் பற்றிப் படிப்பது சுலபம். நம் ஜனங்களைப் பற்றிப் படிப்பதுதான் கஷ்டம். இடுக்கிக்கு வருகிறேன்.

இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுபோக ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. மாடு இழுத்தது. 1908-ல் அதைக் குறுகிய பாதை ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகத் தேயிலைப் பெட்டிகள் போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பாதை வழியாக இறங்கிய தேயிலையைப் பறித்தவர்கள் எதிர்த் திசையில் மலையேறி வந்த நம் ஜனங்கள்.

அந்தத் தோட்டங்களைப் பல ஆண்டுகள் நடத்திய டாடா டீ நிறுவனம் 2005-ல் நிர்வாகத்திலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவாயிற்று. பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடமே. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்பட, பங்குதாரர்கள் ஆனார்கள். தொழிலாளியே முதலாளி என்று பத்திரிகைகள் எழுதின. நிர்வாகக் கல்வியில் இது ஒரு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. மூட வேண்டிய நிலையில் இருந்த தொழிலை இத்தனை குடும்பங்களின் வேலை போகாமல் காப்பாற்றிய ஏற்பாடு அது என்பதை யாரும் மறுக்க முடியாது.

பத்து ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரர்களான பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்ததற்கு எதிராகத் தொடங்கியது. அப்போது தினக் கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்க வேண்டும் என்றார்கள். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை ஸ்தம்பித்தது. எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் அவர்கள் கிட்டே வர விடவில்லை. பெண்பிள்ளை ஒருமை என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் அரசு முன்னிலையில் போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67, ஆக 20 சதவீதம் என்று முடிந்தது. கூலி அக்டோபரில் 301 ரூபாயாயிற்று.

இந்த விஷயத்தில் நிர்வாகத்தின் வாதம் என்ன? தேயிலை விலை விழுந்துவிட்டது, லாபம் குறைந்துவிட்டது, இல்லாத பணத்தை எப்படிப் பிரிப்பது என்றார்கள். பெண்களின் வாதம் என்ன? விலை விழுந்தால் எங்கள் கூலியில்தான் கை வைக்க வேண்டுமா, பங்கு எங்கள் பேரில் இருக்கிறது என்றால் எங்களைக் கேட்டீர்களா என்றார்கள். இரண்டுமே ஆராயத்தக்க வாதங்கள். ஒருவரிடம் நூறு பங்கு இருக்கிறது என்பதும் கம்பெனியின் முடிவில் அவருக்குக் குரல் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்று எந்த நிர்வாகப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. தலைமை என்பது பற்றியும் அப்படித்தான். மைக் பிடித்துப் பழகாதவர்கள், பதவி எதுவும் இல்லாதவர்கள், ஒன்பது நாள் ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தார்கள். பிறகு அந்த அமைப்பு ஏன் வலுவிழந்தது என்பதும் அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த லயங்களில் பிறந்த பெண்கள் இன்று பாலக்காட்டிலும் கோவையிலும் எர்ணாகுளத்திலும் பி.காம்., எம்.பி.ஏ. படிக்கிறார்கள். வகுப்பில் ஜப்பான் கார் கம்பெனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தாயார் பேரில் பங்கு உள்ள கம்பெனியின் வரவு செலவுக் கணக்கை அவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது படித்து, அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்? பதிவான கம்பெனிகளின் ஆண்டுக் கணக்குகளை அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் வலைத்தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். லாபம் என்ன, கடன் என்ன, நிர்வாகச் செலவு என்ன, கூலிச் செலவு என்ன என்று பென்சிலால் அடிக்கோடிட்டு அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அடுத்த போனஸ் பேச்சில் அந்த அம்மாள் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். கேள்வி கூர்மையானால் நிர்வாகத்துக்கும் நல்லதுதான். பதில் சொல்லக் கடமைப்பட்ட நிர்வாகம் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும்.

பாலக்காட்டு எல்லைக்குத் திரும்பினால் பிளாச்சிமடை இருக்கிறது. மீனாட்சிபுரம் போகிற வழியில் பெருமாட்டி பஞ்சாயத்து. 2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை வந்தது. வேலை கிடைக்கும் என்று வரவேற்றவர்களும் உண்டு. கிணற்று நீர் கெட்டது, வற்றியது என்று 2002 ஏப்ரலில் வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசும் ஆதிவாசிப் பெண்கள். முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்து மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு ஓடவில்லை. மயிலம்மா 2007-ல் காலமானார். அவர் வாழ்க்கையை ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதியிருக்கிறார்.

இதிலும் இரண்டு பக்கத்தையும் படிக்க வழி இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதே விஷயத்தில் இரண்டு தீர்ப்புகள் தந்தது. 2003 டிசம்பரில் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, நிலம் வாங்கிவிட்டதால் மட்டும் அளவில்லாமல் எடுக்க முடியாது என்று சொன்னார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, சொந்த நிலத்தில் நியாயமான அளவு நீர் எடுக்க உரிமை உண்டு என்று சொல்லி, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. இனி அங்கே ஆலை நடத்தப்போவதில்லை என்று கம்பெனி 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 216 கோடி ரூபாய்க்கு மேல் சேதம் என்று அரசு நியமித்த குழு 2010-ல் கணக்கிட்டது. நட்ட ஈட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஒரு தொழிற்சாலை தொடங்குமுன் தண்ணீர்க் கணக்கு பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தெரிந்துகொள்ள இத்தனையும் படிக்க வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு வரியாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பையன் நாளை கஞ்சிக்கோட்டில் ஒரு யூனிட் போட்டால், போர் போடுமுன் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பான்.

சரி, இதையெல்லாம் எங்கே, யார், எப்படிப் படிப்பது?

நாம் குடியேறியிருக்கும் மாநிலம் வாசிப்பில் சாதாரண மாநிலம் அல்ல. பி.என்.பணிக்கர் 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய நூலக இயக்கம் கிராமம் கிராமமாகப் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. 1989-ல் நூலகச் சட்டமே வந்தது. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியில், 2010-ல் அமைந்த கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்தில், காட்டுக்குள் ஒரு டீக்கடையில் 160 புத்தகங்களோடு ஒரு நூலகம் நடந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் எழுதினார். ரோடு இல்லாத ஊர். மைல்கணக்கில் நடந்து போய்ப் புத்தகங்களைக் கண்டார். முதுவான் ஜனங்கள் எடுத்துப்போய்ப் படித்துத் திருப்பிக் கொடுத்ததற்கு நோட்டில் கணக்கு இருந்தது. இவ்வளவு வசதியுள்ள நம் சங்கத்து நூலக நோட்டை யாராவது திறந்து பாருங்கள். சீரியல் கதைகளும் ஜோதிடமும் போக மிச்சம் எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் வீடுகளுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். அப்பா அம்மாவுக்குத் தமிழும் வேலைக்கு வேண்டிய மலையாளமும் தெரியும். பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள், எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். நான் மேலே சொன்ன விஷயங்கள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அவற்றின் நேரடி அனுபவம் தமிழ் மட்டும் தெரிந்தவர்களிடம் இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், பெரியவர்கள் "அப்படி இல்லடா, அன்னைக்கு நடந்தது இது" என்று திருத்த வேண்டும். இப்படி ஒரு கூட்டம் நடந்தால் பிள்ளைகளின் தமிழும் வளரும், பெரியவர்களின் வணிக ஞானமும் வளரும். எந்த டியூஷனிலும் இது கிடைக்காது.

மாதம் ஒரு முறை, இரண்டாம் ஞாயிறு மாலை, இரண்டு மணி நேரம். ஒரு மாதம் பாலக்காட்டில், மறு மாதம் மூணாறில். மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், சிறப்பு விருந்தினர் கண்டிப்பாக வேண்டாம். ஒரு பிள்ளை ஒரு அத்தியாயத்தையோ, ஒரு தீர்ப்பையோ, ஒரு கணக்கு அறிக்கையையோ படித்துவந்து அரை மணி நேரம் தமிழில் சொல்லட்டும். மிச்ச நேரம் கேள்வி. எந்த விஷயமானாலும் எதிர்த் தரப்பு எழுதியதையும் ஒருவர் படித்து வர வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் போதும். முன்னேற்ற நூல்களை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றையும் கொண்டு வரட்டும், அதில் உள்ள விதி மூணாறில் செல்லுமா என்று உரசிப் பார்ப்போம். போனில் சாராம்சம் கேட்டு வருகிறவர்களையும் விரட்ட வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே அவர்கள் புத்தகத்தைத் தேடிப் போவார்கள்.

செயற்குழு ஒப்புக்கொண்டால் முதல் மாதத்துக்குப் பாம்பன் விஷயத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் மாதத்துக்கு மூணாறிலிருந்து கொழுந்து பறித்த அனுபவமுள்ள இரண்டு அம்மாக்களும், கம்பெனிக் கணக்கு படிக்கத் தெரிந்த ஒரு காமர்ஸ் மாணவியும் வேண்டும். கம்பெனியின் பக்கத்திலிருந்து யாராவது வர இசைந்தால் அவருக்கும் அதே நாற்காலி, அதே அரை மணி நேரம். என்னிடமுள்ள 'கர்மயோகி' மலையாளப் பிரதியைச் சங்க நூலகத்தில் இந்த வாரமே சேர்த்துவிடுகிறேன்.